விடைப்பக்கத்தில் இல்லாதது

மரத்தின் நிழல் பன்னிரண்டு மீட்டர்.
அருகில் நிற்கும் சிறுவனின் நிழல் மூன்று.
சிறுவன் ஒன்றரை மீட்டர் என்றால்
மரம் எவ்வளவு?

ஆறு.
விடைப்பக்கமும் ஆறு என்றுதான் சொல்கிறது.
நான்தான் அடுத்த கணக்குக்குப் போகாமல்
ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எந்த மரம்?
வார்தோ தீவில் மரமென்று சொல்ல ஒன்றுமில்லை.
எந்த வெயில்?
நவம்பரில் இறங்கிய சூரியன்
ஜனவரி பாதி கழிந்துதான் தலைகாட்டும்.
மதியம் இரண்டு மணி. தெருவிளக்கு எரிகிறது.

எனக்கு நாற்பத்தொன்று.
வடக்குத் துறைமுகத்துத் தொழிற்சாலையில்
காட் மீனைத் துண்டு போடுகிறேன்.
பதினாறு வயதில் வெற்றுத்தாளை மடித்துக் கொடுத்துவிட்டு
எழுந்துவந்த அதே பரீட்சைக்கு
மே மாதம் உட்காரப் போகிறேன்.
அன்று எக்ஸ் என்பது
என்னை மட்டும் அழைக்காத வீட்டு விசேஷம்.
இன்று அது மூடிய பெட்டிக்குள் இருக்கும் மீன்.
திறக்காமலே எடை சொல்லிவிடலாம்,
தராசின் மறுதட்டில் என்ன இருக்கிறதென்று தெரிந்தால்.

பூட்ஸ் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.
சூரியன் இல்லையென்றால் விளக்குக்கம்பம்.
கம்பத்திலிருந்து நாலு மீட்டர் தள்ளி நின்றேன்.
நிழல் இரண்டு.
ஆறு மீட்டர் தள்ளி நின்றேன்.
நிழல் மூன்று.

புத்தகத்துச் சிறுவன் எங்கே போய் நின்றாலும்
அவன் நிழல் மூன்றேதான்.
அத்தனை தொலைவிலிருந்து வரும் வெயிலுக்கு
நாலடி ஒரு பொருட்டில்லை.
பக்கத்து விளக்குக்கோ
நான் வைக்கும் ஒவ்வோர் அடியும் கணக்கு.

பனி தள்ளும் வண்டியை நிறுத்தி
ஐலிவ் எட்டிப் பார்த்தான்.
"குன்வோர், எதைத் தொலைத்தாய்?"
"விளக்கின் உயரத்தை."
மேலே எதுவும் கேட்கவில்லை. இறங்கிவந்து
அளவுநாடாவின் மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டான்.

சமையலறை மேசையில், ஈரக் கையுறைக்குப் பக்கத்தில்
ஒரு பெரிய முக்கோணம் வரைந்தேன்.
அதன் மூலையில், அதே சாயலில், சின்னதாய் நான்:
பூட்ஸோடு ஒன்று புள்ளி ஆறு மீட்டர்.
எக்ஸுக்கு ஆறு எப்படியோ
எனக்கு இரண்டு அப்படி.
குறுக்கே பெருக்கினேன், வகுத்தேன்.
நாலு புள்ளி எட்டு.
மற்ற அளவை வைத்தும் போட்டேன்,
ஒன்பதுக்கு மூன்று.
நாலு புள்ளி எட்டு!
கெட்டிலில் தண்ணீர் வற்றிப்போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பல்பு மாற்ற வந்த
நகராட்சி ஹால்டிஸைக் கேட்டேன்.
ஏணியிலிருந்து திரும்பாமலே சொன்னாள்:
"ஐந்து மீட்டர். இந்தத் தெருவில் எல்லாமே ஐந்துதான்."

அந்த இருபது சென்டிமீட்டர்
இரவெல்லாம் தூங்கவிடவில்லை.
நாடாவா? நானா?
வளைந்து நின்றேனா, மீன் மேசையில் நிற்பதுபோல்?

காலையில் மண்வெட்டியோடு போய்
கம்பத்தின் அடியைக் கொத்தினேன்.
ஊரே மிதித்து இறுகிய பனி,
மேலே டிசம்பர், கீழே நவம்பர்.
கடைசியில் தார் தட்டியது.
நாடாவை இறக்கிப் பார்த்தேன்.
சிரித்தேன், தனியாக, நடுத்தெருவில்.

வீட்டுக்கு வந்து
ஆறு என்று எழுதியதை அடிக்கவில்லை.
ஓரத்தில் மட்டும் பொடி எழுத்தில் சேர்த்தேன்:
மரம் பனியில் நிற்கிறதா
என்று சொல்லவில்லையே.