இரண்டு ரிங்

சாயங்காலம் கடற்காற்று திரும்பினால்
என் போன் நாடு மாறிவிடும்.
நான் மாறுவதில்லை.
அதே முக்காலி, அதே மஞ்சள் குடை,
சுங்கச் சாவடிக்கு இருபது எட்டு இந்தப் பக்கம்,
லோமேயின் கடைசி மணல்.
‘கானாவுக்கு நல்வரவு’ என்று வரும் செய்தி.
வரவேற்றதற்கும் காசு பிடித்துக்கொள்வார்கள்.

அந்தப் பக்கம் பணத்துக்குச் செடி என்று பெயர்.
பெயர்தான்.
யார் வீட்டிலும் காய்த்ததாகக் கேள்வியில்லை.

அதனால் சிம் வாங்க வருகிறவர்களிடம்
விலைக்கு முன்னால் இதைச் சொல்வேன்:
உன் போனுக்கு எல்லைக்கோடு தெரியாது.
எந்தக் கோபுரம் உரக்கக் கூப்பிடுகிறதோ
அதன் பின்னால் போய்விடும்,
பில் மட்டும் உன் பேருக்கு வரும்.
டேட்டாவை அணைத்து வை.
நெட்வொர்க்கை நீயே பார்த்துத் தேர்ந்தெடு.
கழற்றிய பழைய சிம்மை

ஆமாம், பழைய சிம்.
அதை எங்கே வைக்கிறார்கள் என்று பார்த்தே
ஆளைச் சொல்லிவிடுவேன்.
கொட்டோனு துணிக்காரிக்குத் தலைத்துணி முடிச்சு.
ஒரு ஜெர்மன்காரப் பையன் பாஸ்போர்ட்டுக்குள் செருகினான்;
அதிகாரி விரித்தார், மணலில் விழுந்தது.
நாலு பேர் உட்கார்ந்து சலித்தோம்.
மூன்று சிம் கிடைத்தன,
ஒன்றுகூட அவனுடையதில்லை.

இசூஃபுவுக்குத் தீப்பெட்டி.
தோசோவிலிருந்து லாரி ஓட்டி வருகிறவன்.
நைஜர் சிம் ஒன்று, புர்கினா சிம் ஒன்று,
கூடவே மூன்று குச்சி.

மிஸ்டு காலிலேயே குடித்தனம் நடத்துகிறவன் அவன்.
ஒரு ரிங் விட்டு வைத்தால்: உயிரோடு இருக்கிறேன்.
இரண்டு: எல்லை தாண்டிவிட்டேன்.
மூன்று: எடு, காசு போனால் போகட்டும்.
கல்யாணமாகி ஆறு வருடத்தில்
மூன்று விட்டதேயில்லை என்பான்,
பெருமையாகத்தான்.

துறைமுகத்தில் அரிசி ஏற்றப் பதினோரு நாள் காத்திருந்தான்.
பன்னிரண்டாம் நாள் மதியம்
என் குடையடியில் அவன் போன் அடித்தது.
இரண்டு ரிங்.
நின்றுவிட்டது.

ரமத்து எந்த எல்லையைத் தாண்டினாள்?

வீட்டிலிருந்து வரும் இரண்டுக்கு
அவர்கள் அர்த்தமே வைத்திருக்கவில்லை.
வீடு நகராது என்று
இரண்டு பேருமே நினைத்திருப்பார்கள் போல.
தீப்பெட்டியைத் திறந்தான், மூடினான், திறந்தான்.
“நைஜருக்கு நிமிடம் எவ்வளவு, அப்லாவி?”
சொன்னேன்.
“கடனாகப் போடவா?”
வேண்டாமென்று தலையாட்டி
ஐந்நூறு பிராங்கைச் சில்லறையாக எண்ணி வைத்தான்.
அதில் ஒன்று செல்லாக்காசு. பேசாமல் எடுத்துக்கொண்டேன்.

அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது.
தோள் இறங்கியது தெரிந்தது.
அப்புறம் ஒரு சிரிப்பு.
கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்திருப்பான்,
ஆனாலும் வைக்கவில்லை.
யாரோ ஒருவருடைய பெயர் மூன்று தடவை வந்தது,
ஆடு போல அவன் ஒருமுறை கத்திக் காட்டினான்.
கடைசியில் பேச்சே இல்லை.
அங்கே அவள் கம்பு இடிக்கும் சத்தம் மட்டும்
போனைத் தாண்டி என் வரைக்கும் கேட்டது.
நிமிடக் கணக்கு அதற்கும் ஓடியது.

மீதித் தொகை இல்லை என்று
பதிவு செய்த குரலில் ஒருத்தி பிரெஞ்சில் சொன்னாள்.
அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு வைத்தான்.

“என்னவாம்?”

“இரண்டுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.
ஒன்று போதவில்லை என்கிறாள்.”

மறுநாள் அரிசி ஏறியது, போனான்.
நாலு நாள் கழித்து, விளக்கு வைக்கிற நேரம்,
புர்கினா எண்ணிலிருந்து எனக்கு
ஒரு ரிங். இன்னொன்று.
கை போய்விட்டது, இழுத்துக்கொண்டேன்.
காற்று திரும்பியிருந்தது,
என் போன் கானாவில் இருந்தது.
எடுத்தால் இரண்டு பேருக்கும் செலவு.