ஆற்றும் தூரிகை

ஹட்டன் பிரதான வீதியில்
அடகுக் கடைக்கு மேலே, பதினாறு படி ஏறினால் என் ஸ்டூடியோ.
ஏறி வந்தவர்கள் மூச்சு அடங்கும்வரை நிற்க
ஒரு கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா.

தெய்வானந்தனுக்கு அடங்க நேரமெடுத்தது.
கொழுந்து லொறிச் சாரதி.
லைசன் புதுப்பிக்கப் படம் வேண்டும்.
"வாயு, பிள்ள" என்று நெஞ்சைத் தடவி
பையிலிருந்த இஞ்சிச் சோடாவில் ஒரு மடக்கு விட்டார்.
படிவத்தில் வயது நாற்பத்து மூன்று.

திரையில் பெருப்பித்தபோதுதான் கண்டேன்.
இரண்டு மேலிமையிலும், மூக்கோரமாய்,
அவித்த பருப்பை நசுக்கி ஒட்டியதுபோல் மஞ்சள்.
நோகாதாம். அரிக்காதாம்.
ஏழெட்டு வருஷமாய்ச் சும்மா இருக்கிறதாம்.
"எடுத்துறவாண்ணே?"
"எடு எடு. கல்யாணப் படத்துல கூட
யாரும் என்னைய இப்படிக் கேக்கல."

அந்தக் கருவிக்கு ஆங்கிலத்தில் வைத்த பேர்
ஆற்றும் தூரிகை.
கன்னத்தில் கொஞ்சம் நல்ல தோல் அள்ளி
மஞ்சளின் மேல் தேய்த்தால்
இமைக்கே மறந்துபோகும்.
நாலு சொடுக்கு.
நூற்றைம்பது ரூபாய் கூட.

ஐந்து மாதம் போயிருக்கும்.
குடையை மடக்கத் தெரியாமல் ஒரு பையன் வாசலில்.
"கண்ணீர் அஞ்சலி, அக்கா. ஆறடிக்கு நாலடி.
மேகம் புறா ஒண்ணும் வேணாம், பின்னால லொறி போடுங்க."
காலை ஆறரை, ஏற்றத்தில் பாதி.
கைப்பிரேக்கை இழுத்துவிட்டுத்தான்
ஸ்டியரிங்கில் சாய்ந்தாராம் அப்பா.
ஒரு சாக்குக் கொழுந்துகூடச் சரியவில்லையாம்.
இதை இரண்டு தரம் சொன்னான்.

தேடினேன். கோப்பு இரண்டு இருந்தது.
ஆற்றியது. ஆற்றாதது.

விசாப் படத்துக்குக் காத்திருந்த ஃபரீனா மிஸ்ஸி
ஆற்றாததைப் பார்த்து எழுந்து வந்தார்.
"கொழுப்பு" என்றார், பையனுக்குக் கேட்காத குரலில்.
"பாதிப் பேருக்கு ரத்தத்துல ஒண்ணுமே இருக்காது.
மத்தப் பாதிக்கு
இமையில ஒதுங்கினது நெஞ்சுக் குழாயிலயும் ஒதுங்கும்.
எதுக்கும் பாத்துறணும்.
யாரும் இவருக்குச் சொல்லலியா?"

நான் மவுஸைப் பிடித்திருந்தேன்.
சொல்ல வேண்டிய இடத்தில்
கேட்டவள் நான்: எடுத்துறவா?

டிலக்‌ஷன் திரையருகே குனிந்தான்.
குழல் விளக்கு அவன் முகத்தில் விழுந்தது.
பத்தொன்பது வயது,
இடது இமையின் உள்மூலையில்
அரிசிக் குருணை அளவு.
"அது பருக்கா."
"பரு இல்ல."
என் குரல் எனக்கே புதிது.
"நாளைக்கு ஒண்ணும் திங்காம
டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போயி ரத்தம் குடு.
அப்பா செத்த விதத்தையும் வயசையும் சொல்லு.
தங்கச்சி இருந்தா கூட்டிட்டுப் போ."
மிஸ்ஸி என் பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து
எந்த வாசல், எத்தனை மணி என்று எழுதினார்.

அவன் கண்ணாடிக்குப் போனான்.
சீப்பைத் தொடவில்லை.
இமையைத் தொட்டான், விரலைப் பார்த்தான்,
மஞ்சள் ஒட்டியிருக்கும் என்பதுபோல்.

"எதைப் போடுறது?" என்றேன், இரண்டையும் காட்டி.
பளிச்சென்றிருந்ததை வெகுநேரம் பார்த்தான்.
"இது யாரோ."
மற்றதைத் தொட்டான்.

ஆறடியில் அந்த மஞ்சள் உள்ளங்கை அகலம்.
சந்தியில், மழையில், தொங்கப் போகிறது.

பில்லில் நூற்றைம்பது ரூபாய் கழித்தேன்.
ஏனென்று அவன் கேட்கவில்லை.
இறங்கும் சத்தத்தை எண்ணினேன்,
பதினாறு வரைக்கும்.