பேவியூ திருப்பம்

இருபத்திரண்டு வருஷம் ஓட்டிய தடம்.
வார்விக் சந்தையில் ஆளை ஏற்றி
ஹிக்கின்சன் நெடுஞ்சாலை பிடித்தால்
அப்புறம் கையே ஓட்டும்.
அந்த வியாழக்கிழமை கை திருப்பவில்லை.
பேவியூ கண்ணாடியில் சின்னதாகிக்கொண்டே போனது.
"அங்கிள், அங்கிள்" என்று ஒரு பெண் மணியை அழுத்துகிறாள்.
எனக்கு
மணி எதற்கு அடிக்கிறது என்றே விளங்கவில்லை.

குடித்திருப்பான் என்றார்கள்.
ஊதச் சொன்னார்கள், ஊதினேன். பூஜ்யம்.

அந்த மாதம்
தேநீரில் உப்பைப் போட்டேன், இரண்டு தடவை.
சட்டைப் பொத்தான் போட
லோகாம்பாள் வரவேண்டியிருந்தது.
பத்து வருஷமாக இரவு ஒன்பதுக்கு
மாத்திரையை நீட்டுகிறவள் அவள்தான்.
எப்படி வந்தது என்று ஒரே ஒருமுறை கேட்டாள்.
சொன்னேன்.
அந்தப் பேச்சை அலமாரிமேல் ஏற்றிவைத்தாள்.
இறக்கவுமில்லை, எறியவுமில்லை.

ரத்தம் சுத்தமாகத்தான் இருந்தது.
"கண்டறிய முடியவில்லை" என்று
ஒவ்வொரு முறையும் அட்டையில் எழுதிவரும்.
அதை நான் "இல்லை" என்றே வாசித்து வந்திருக்கிறேன்.

டாக்டர் தூபே என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து
முழங்கால் நெஞ்சில் இடிக்க
முதுகெலும்பின் இடுக்கில் ஊசி இறக்கினார்.
கையில் எடுத்த குழாய் சிவப்பு.
முதுகில் எடுத்தது தண்ணீர் மாதிரி.
வேறு எதன் மாதிரியும் இல்லை,
தண்ணீர் மாதிரி.

சிவப்பில் ஒன்றுமில்லை.
தண்ணீரில் நாலாயிரம்.

மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு மரம் வரைந்தார்.
பத்து வருஷம் முன்பு எடுத்து உறையவைத்த என் ரத்தம்
இந்தக் கிளைகளில்.
இன்று மூளையைச் சுற்றி ஊறும் நீர்
அடிமரத்திலேயே பிரிந்த அந்த ஒற்றைக் கொம்பில்.
"இரண்டு ஆள் மாதிரி இருக்கிறதே டாக்டர்."
"ஒரே ஆள்தான் மிஸ்டர் பூபாலன்."

வந்த புதிதிலேயே சில மேலே போய்விட்டனவாம்,
காவல் அணுக்களின் வயிற்றில் ஒளிந்து.
ரத்தத்தில் கதவு ஏராளம், தட்டினால் திறக்கும்.
மூளையில் கதவு அரிது.
இருக்கிற ஒன்றிரண்டில் நுழையப் பழகிக்கொண்டவை
அங்கேயே பெருகி
அங்கத்திய முகமாயின.
மூளையைக் காக்கிற சுவர்
என் மாத்திரையையும் அந்நியன் என்றே நினைத்தது,
சொட்டுச் சொட்டாகத்தான் விட்டது.
கொல்லப் போதாத மருந்து
பழக்கப் போதும்.
நூற்றெண்பத்து நான்காம் இடத்தில் ஓர் எழுத்து மாறிவிட்டதாம்.
ஓர் எழுத்து. அதற்கு ஒரு பேவியூ.

மச்சான் தவமணி வந்து உட்கார்ந்து
"நம்ம ஆட்கள் மாதிரித்தான், ஒரே கப்பல்,
பாதி மொரீஷியஸில் இறங்கினான், பாதி நேட்டாலில்" என்றான்.
போடா.
நோய்க்கு நம்ம பேரை வைக்காதே.

எனக்குத் தெரிந்தது வேறு.
ராத்திரி பணிமனையில் வண்டியை நிறுத்தியதும்
விளக்கைப் போட்டுக் கடைசி இருக்கைவரை நடந்து
எவனாவது தூங்குகிறானா என்று பார்ப்பேன்.
இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாள் தவறியதில்லை.
அப்படிப் பார்த்துத்தான் பூட்டினேன்.
அவன் இருக்கையில் இல்லை.
என் இடத்தில் இருந்தான்,
ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு.

புது மாத்திரை இரண்டு. ஒன்று வெள்ளை,
ஒன்று லோகாம்பாள் விழுங்கவே பயப்படுகிற அளவு.
சுவரைத் தாண்டக்கூடியவை என்றார் டாக்டர்.
ஜூலையில் மறுபடி முதுகைத் தரவேண்டும்.

இப்போது என் தடத்தை ஸ்புஸீசோ ஓட்டுகிறான்.
கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையசைப்பான்.
நான் நடு இருக்கை, ஜன்னல் ஓரம்.
பெட்ரோல் பங்க், கோயில் மதில், தளவாடக் கடை என்று
உதட்டுக்குள் எண்ணிக்கொண்டு போகிறேன்.
நேற்று நானே மணி அழுத்தினேன்.

ஒரு நிறுத்தம் முன்னாலேயே அழுத்திவிட்டேன்.
பரவாயில்லை.
இறங்கி நடந்தேன்.