மூடியின் துளை

செக்கானூரணி தாண்டி மூன்றாவது தடவையாக
நின்றுவிட்டது வண்டி.
இருபது நிமிசம் ஓடும்,
ஏற்றத்தில் இருமும்,
அவ்வளவுதான்.
முதுகில் நூற்றிருபது மூட்டை நெல்.

நேற்றுத்தான் மாற்றிய ஃபில்டர்.
ஒச்சப்பன் கைபம்பை அழுத்தி அழுத்தி
கட்டைவிரல் சிவந்துவிட்டான்.
ஸ்க்ரூவைத் தளர்த்தினால் குமிழ் இல்லை, நுரை இல்லை,
காற்றே இல்லை.
டீசலும் இல்லை.
"ஒழுங்கா அடிக்கத் தெரியாதாடா" என்றேன்,
காலையிலிருந்து சொன்னதையே.

கருமாத்தூரிலிருந்து மொபெட்டில் வந்த மொக்கராசு
ஒன்றும் கேட்கவில்லை.
டேங்கிலிருந்து வரும் பைப்பைக் கழற்றி
வெள்ளைக் கேனில் விட்டு
கேனைக் கண்ணாடிக் கம்பியில் தொங்கவிட்டான்.
அரைமணி நேரம் உறுமியது எஞ்சின்,
ஒரு தும்மல் இல்லை.
"பம்பு நல்லாருக்கு. நாசிலும் நல்லாருக்கு.
டேங்குதான் குடுக்க மாட்டேங்குது."

மூடியைத் திருகினான்.
ஸ்ஸ்ஸ் என்று உள்ளே போனது
செக்கானூரணிக் காற்று.
ஒட்டிப்போயிருந்த தகரவயிறு
டொக் என்று நிமிர்ந்தது.

மூடியின் நடுவில் ஒரு துளை, கடுகளவு.
ஆர்.சி. புத்தகத்துக் குண்டூசியால் குடைந்தான்.
நீலமாக உதிர்ந்தது
துணி சோப்பு.

"எவன்யா அடைச்சது?"

ஐப்பசி மழையில்
தண்ணீர் இறங்கிவிடக் கூடாதென்று
அரைக்கட்டி சோப்பைத் தேய்த்து அப்பிய கையை
நான் பனியன் வேஸ்ட்டில் துடைத்துக்கொண்டிருந்தேன்.
ஒச்சப்பன் என்னைப் பார்த்தான்,
பிறகு டயரை.

உசிலம்பட்டி வரை வண்டி நிற்கவில்லை.
அவனை எத்தனை தடவை திட்டினேன் என்று
எண்ணிக்கொண்டே ஓட்டினேன்.
பதினொன்று வரை வந்தது.
அதற்குள் மில் வந்துவிட்டது.