நெகட்டிவ்

மயிலுக்கு முன்னால் வரைபடம்தான் வந்தது.
பயிற்சியில் சேர்ந்த முதல் திங்கட்கிழமை
மாவட்டத்தை மேசைமேல் விரித்து
காம்பஸ் முள்ளை மேலூருக்குக் கிழக்கே குத்தினார்
டாக்டர் ஹெப்சிபா.
"இங்கே ஒரு காகம் செத்துக் கிடக்கிறது
என்று வைத்துக்கொள்ளுங்கள்."

ஒரு கிலோமீட்டர் சிவப்பு.
பத்துக் கிலோமீட்டர் மஞ்சள்.
சிவப்புக்குள் ஒரு கோழி மிஞ்சக்கூடாது.
பென்சில் கோடு எங்கள் கம்மாய்க்கரையை வளைத்து
அம்மாவின் பஞ்சாரத்தைத் தாண்டிப் போனது.
அங்கே மூன்று கோழி. ஒன்று அடையில்.
கை தவறியதுபோல்
மேசையை லேசாக ஆட்டிப் பார்த்தேன்.
வட்டம் நகரவில்லை.

அழகர் மலைக்குத் திரும்பிய மறுநாள்
ஒத்திகை இல்லாத அழைப்பு.
அம்மா ஊருக்கு அடுத்த ஊர்,
கடலைக் கொல்லை வரப்பில் ஐந்து மயில்.
நாலு பேடு, ஒரு ஆண்.
தோகை முழுசாக இருந்தது, யாரும் தொடவில்லை.
கண்கள் மட்டும் எறும்பிடம்.

அக்னி வெயிலில் வெள்ளை உடுப்பு,
முகக்கவசம், இரட்டைக் கையுறை.
பூட்ஸுக்குள் வியர்வை சளசளத்தது.
தொண்டையில் ஒரு பஞ்சு,
எச்சத்துவாரத்தில் ஒரு பஞ்சு,
இளஞ்சிவப்புத் திரவத்தில் முக்கி
குச்சியை ஒடித்து
மூடி, எண் எழுதி,
மறுபடி அடுத்த மயில்.
வயிற்றைத் திறக்கக்கூடாது,
சந்தேகம் தீரும்வரை.
தள்ளி நின்று வனத்துறைக்காரர்
தோகைக் கண்களை எண்ணினார்,
தேசியப் பறவைக்குக் கணக்கு உண்டாம்.

மூன்றாவது மயிலோடு ஐஸ் உருகிவிட்டது.
நாலு டிகிரி தாண்டினால் இந்த வெயிலெல்லாம் வீண்.
தகவல் சொன்ன அழகுமலை
(கொல்லை அவருடையதுதான்)
டிவிஎஸ் ஐம்பதை உதைத்துக் கிளப்பி
மீன்காரரிடம் ஐஸ் வாங்கி வந்தார்,
கோணிச் சாக்கில் சுற்றி.
காசு வாங்கவில்லை.
"சாம்பிள் நல்லபடியா போய்ச் சேரணும்ல" என்றார்.
பெட்டி முழுக்க அயிலை வாடை.

போபாலுக்குப் போனது பெட்டி.
ஐந்து நாள்.
ஐந்து நாளும் அம்மாவிடம்
கோழியை வெளியே விடாதே என்றேன்,
ஏன் என்று சொல்லவில்லை.
சொல்லக்கூடாது என்பது விதி.
விதியை வாய்க்குள் வைத்துக்கொண்டு
மாட்டுத்தாவணி விடுதியில் படுத்திருந்தேன்,
மின்விசிறியும் வட்டம்தான் போட்டது.

ஆறாம் நாள் முடிவு:
வைரஸ் இல்லை.
டாக்டர் தேநீர் வாங்கித் தந்தார்.
யாரோ கைதட்டினார்கள்.
நானும்தான் தட்டினேன், முதலில்,
சத்தமாக.

இரண்டாம் பக்கம் அப்புறம்தான் வந்தது.
இரைப்பையில் சோளம். ஊதாப் பூச்சு.
குருணை மருந்து.
எங்கள் படிவத்தில் வைரஸுக்கு ஒரு பக்கம்,
பாக்டீரியாவுக்கு அரைப் பக்கம்,
'மற்றவை' என்று ஒரு கட்டம்,
கட்டைவிரல் நகம் அளவு.
அதில் எழுத்தைச் சுருக்கி எழுதினேன்.
அவசரநிலை முடிந்தது என்று
வரைபடத்தைச் சுருட்டினார்கள்.

அன்று சாயங்காலம் அழகுமலை பேசினார்.
"நோயாம்மா? சொல்லுங்க.
அஞ்சு நாளா எங்க வீட்டுலயும்
கோழி பஞ்சாரத்துலயே கிடக்கு.
திறந்து விடலாமா?"

அந்த ஐஸ் நினைவுக்கு வந்தது.
வெயிலில் எட்டு கிலோமீட்டர்
அதைக் கொண்டுவந்த மனிதர்.
அப்புறம் வரப்பு.
கடலைச் செடி நாலு வரிசை
வேரோடு கிளறிக் கிடந்ததும்.

"நோய் இல்லைங்க. திறந்து விடுங்க" என்றேன்.
கொஞ்சம் விட்டு,
"சோளம் கிடக்கிற பக்கம் மட்டும்
போக விடாதீங்க."

அந்தப் பக்கம் பேச்சில்லை.
போனை அவர் வைக்கவும் இல்லை.
வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்,
பஞ்சாரத்துக்குள் ஒரு கோழி
மண்ணைச் சீய்த்துக்கொண்டிருந்தது.