நாற்பத்து மூன்றாவது நிமிடம்

மஜஸ்டிக் சிட்டி நிலக்கீழ்க் கடையில்
இருநூறு ரூபாய்க்கு வாங்கிய டிவிடி.
பேச்சு யப்பான் மொழி, கீழே மலாய் எழுத்து.
எங்களில் மலாய் தெரிந்தவன் துவான் ரிஃபாய் மட்டும்;
அதுவும் வீட்டு மலாய்.

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
கடற்கரை ரயில் போகும்போதெல்லாம்
ராட்சசியின் முகத்தில் கோடு விழும்.
நாற்பத்து மூன்றாவது நிமிடத்தில்
படம் சதுரம் சதுரமாய் உடைந்து நின்றுவிடும்.
அதற்கு முந்திய வரியை
ரிஃபாய் குரலைத் தாழ்த்திச் சொன்னான்:
"பசிக்குது."

அன்றிரவு நாலு பேரும் ஒரே பாயில்.
கழிப்பறைக்குக்கூடச் சோடியாய்ப் போனோம்.

இப்போது துடைத்து மெருகிட்ட பதிப்பு வந்திருக்கிறது.
கீறல் இல்லை. ரயில் அசைக்காத திரை.
சதுரங்களுக்குள் இத்தனை வருடம் இருந்தது இவ்வளவுதான்:
ராட்சசி
பிள்ளையின் சட்டைக்குப் பொத்தான் தைக்கிறாள்.
ஊசியில் நூல் கோக்க
இரண்டு தரம் தவறுகிறாள்.

முந்திய வரியில் அவள் சொன்னது
"குளிருது."

ரிஃபாய்க்கு எழுதினேன், அழித்தேன்.
மெல்பேர்னில் இரவுவேலை அவனுக்கு,
அங்கே இது ஜூலை.

பழைய டிவிடியை எடுத்துப் போட்டேன்.
நாற்பத்திரண்டு தாண்டியதும்
கால்களைக்
கதிரைமேல் தூக்கிவைத்துக்கொண்டேன்.