டோர் லாக்

கே.கே. நகர் ஸ்கேன் சென்டரில்
நான் வாய் திறக்கும் முன்பே
பாதிப் படிவம் நிரம்பியிருந்தது.
பேச்சியம்மாள், நாற்பத்து மூன்று.
மாதவிலக்கு: நிற்கவில்லை.
புகை: இல்லை. மது: இல்லை.
கேட்டார்களா என்றால், இல்லை.
வயிற்று ஸ்கேனுக்கு வந்த ஒத்தக்கடைக்காரரிடம் மட்டும்
"குவார்ட்டரா, ஆஃபா அண்ணே?" என்று
அக்கறையாக விசாரித்தாள் அதே பெண்.

உள்ளே குளிர்.
இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து
அழுத்தினாள் ஜெசிந்தா.
மூச்ச விடாதீங்கக்கா.
விடவில்லை.
சித்திரை வெயிலில் படி படியாய் ஏறி
மீட்டர் ரீடிங் எடுக்கிறவளுக்கு
இது ஒரு வலியா.

திரையில் பார்த்தேன்:
மழைக்கு மறுநாள் செல்லூர்க் கண்மாய் வாய்க்காலில்
பொங்கி ரோடு வரைக்கும் நிற்குமே நுரை,
அப்படி ஒரு வெள்ளை.
"அடர்த்தி கூடுதல். இது நோயில்லை" என்றார் டாக்டரம்மா.
"ஆனா கட்டி வந்தாலும் வெள்ளையாத்தான் தெரியும்."
நுரைக்குள் கொக்கு நின்றால் யார் கண்டது.

"குடிக்கிற பெண்களுக்கு அடர்த்தி கொஞ்சம் கூடலாம்ங்கிறாங்க.
எல்லா ஆய்வும் ஒத்துக்கல.
கேன்சர் பயம் கூடும்ங்கிறது மட்டும் உறுதி.
உங்களுக்குத்தான் அது இல்லையே"
என்று அடுத்த தாளுக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை ராத்திரி
எல்லீஸ் நகர் மூன்றாம் மாடி.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாங்கி வந்த பிராந்தி.
வறுத்த நெத்திலி, ரேடியோ.
துக்கம் கிக்கம் ஒன்றும் கிடையாது.
பிடிக்கும்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம்:
வீடு பூட்டியிருந்தால் 'டோர் லாக்' என்று குறித்து
போன தடவைக் கணக்கையே போட்டுவிடுவோம்.
உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம்
கேட்டாலும்கூட.

கதவு வரை போனவள் திரும்பினேன்.
"மேடம், மது இல்லைன்னு போட்டிருக்கு.
இருக்கு."

கூட வந்த நாத்தனார் சகுந்தலை
பை ஜிப்பைப் பாதியில் நிறுத்தினாள்.
டாக்டரம்மா பேனா மூடியைக் கழற்றினார்.
"எவ்வளவு?"
இரண்டு கிளாஸ் என்று வாய் வரை வந்தது.
மூன்று என்றேன்.
சில வாரம் நாலு.

"குறைங்க. முடிஞ்சா விட்டுருங்க.
அடுத்த வருஷம் வாங்க, அல்ட்ராசவுண்டும் சேர்த்துப் பார்ப்போம்."
இல்லை என்பதை அடித்து
மேலே சின்னதாய் எழுதினார்.
எட்டிப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டேன்,
தொழில் புத்தி.

ஆட்டோ ஏ.வி. பாலம் தாண்டும்வரை
சகுந்தலை பேசவில்லை.
வைகையில் தண்ணீர் இல்லை, மாடுகள் மேய்ந்தன.
சிம்மக்கல் திருப்பத்தில் மெல்லக் கேட்டாள்:

"நெத்திலி
எங்க வாங்குறீங்க அண்ணி?"